நூறு யூனிட்டுக்குள்

புரட்டாசியில் மாற்றல் ஆணை வந்தபோது
வால்பாறை அலுவலகத்தில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்:
காரைக்குடியா, முதலில் ஃபேன் வாங்கு.
வாங்கினேன்.
முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு மின்விசிறி.
மாட்டியவன் ஐந்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனான்.
ஐந்திலேயே இருந்தது.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை.
தெருக்களின் பெயர் பிடிபடும் முன்பே
கதவெண்கள் பிடிபட்டுவிட்டன.
எந்த மீட்டருக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது,
எந்த நாய் குரைப்பதோடு சரி,
எந்த வீட்டில் 'ஒரு நிமிஷம் உக்காருங்க' என்றால்
நிஜமாகவே ஒரு நிமிஷம்.

பெரிய வீடுகள்தான் மிரட்டின.
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
காவலிருக்கும் சேவுகன்
சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே கூட வருவார்,
நான் தொலைந்துவிடுவேன் என்பதுபோல.
அத்தனை தூணுக்கும் ஒரே பல்பு.
இரண்டு மாதத்துக்குப் பதினொரு யூனிட்.
என் ஒற்றை அறை அதைப்போல் பத்து மடங்கு தின்கிறது
என்று அவரிடம் சொல்லவில்லை.

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள்
பீர்முகமது டீக்கடையில் பார்த்தால்
ஊரே மஃப்ளரும் குரங்குக் குல்லாவும்.
என்னா குளிரு, என்னா குளிரு.
இருபத்து மூன்று டிகிரி.
சிரித்துவிட்டேன்.
அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார்:
'ஒங்க மலைக் குளிரு ஒங்களுக்கு,
எங்களுக்கு வர்றதே இம்புட்டுத்தான்.
இதையும் குளிருன்னு சொல்லாட்டி எப்புடி?'

வீட்டுக்கார உமையாள் ஆச்சி
என்னைவிட நான்கு வயது இளையவர்.
ஆச்சி என்றால் இங்கே வயதில்லை
என்று புரிய ஒரு மாதம் ஆனது.
பிள்ளையார் நோன்பு அன்று இரவு
மாடிப்படியில் நின்று பார்த்தேன்:
மாவுக்குள் திரி, திரியில் சுடர்,
ஒவ்வொருவராக வாங்கிச்
சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.
சின்னப் பிள்ளைகூட.
'இது எங்க ஆளுகளுக்கு மட்டும்' என்று
ஆச்சி கொஞ்சம் சங்கடப்பட்டுக்
கை நிறையப் பொரி கொடுத்தார்.
பொரியில் ஐந்து வகை.
எண்ணிப் பார்த்துத்தான் தின்றேன், தொழில் பழக்கம்.

அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்,
மூன்றில் கிடந்ததை ஒன்றுக்கு இறக்கிப்
பிறகு நிறுத்தினேன்.
விசிறி நின்றதும்
ஊர் கேட்டது.
இத்தனை நாள் அது இரைந்து மறைத்ததெல்லாம்:
பால்கேன் மூடி,
தேவகோட்டை முதல் பஸ்ஸின் கியர்,
கோயில் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமுவது,
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ தூக்கத்தில் யாரையோ திட்டுவது.

மார்கழிக் கடைசியில்
என் வீட்டு மீட்டரை நானே படித்தேன்.
அறுபத்து மூன்று.
நூற்றுக்குள் வந்தால் கட்டணமில்லை.
அட்டையில் எழுதி, தேதி போட்டுக்
கையெழுத்துக்குக் கீழே ஊர்ப் பெயரை
யோசிக்காமல் எழுதியிருந்தேன்.
எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

காலை ஆறு மணி.
டீக்கடைக்குப் போகும்போது
காதைச் சுற்றித் துண்டு.
பீர்முகமது பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இஞ்சி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்.