நடுநிலை

எங்கள் பள்ளி மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி மூன்று.
மூன்றின் குழாய்களுக்கும் நான் ஒருத்தி,
வெர்னா லாஹ்தி, பதினோரு வருடமாக.

ஏரிக்காற்று வேனை உலுக்கும் ஜனவரியில்
டுவேன் பட்டியல் அனுப்பினான்.
விவாகரத்து ஆகியும் எனக்கு எண்கள் அனுப்புவதை
அவன் விடவில்லை.
குன்றின் மேல் உள்ள பள்ளிக்குப் பத்துக்கு எட்டு.
கிரீன்லீஃப் தெருப் பள்ளிக்கு ஐந்து.
ரயில் யார்டுக்குப் பின்னால் இருப்பதற்கு மூன்று.
"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
எனக்கு வந்து சேர்வதோ பானை கழுவிய தண்ணீர்.

எட்டில், சிங்க்குக்கு அடியில் வளைகுழாயைக் கழற்றினால்
பல் கிளிப், இன்னொரு பல் கிளிப்,
ஒரு தடவை
பொடிப்பொடியாகக் கிழித்த கணக்குத் தேர்வுத் தாள்.
வாளியில் மிதந்த துண்டு ஒன்றில் மதிப்பெண் தெரிந்தது:
தொண்ணூற்றொன்று.
பெண்கள் கழிவறையில் வாரத்துக்கு இரண்டு நாள்
கடிக்காத சாண்ட்விச், முழுசு முழுசாக.
ஆலோசகருக்குச் சீட்டு எழுதிப் போட்டேன்.
'குழாய்ப் பிரிவுக்குத் திருப்பப்படுகிறது' என்று
என்னிடமே வந்தது.

பெற்றோர் நாளன்று ஐலாவை அங்கே கூட்டிப்போனேன்.
ரோபோ அறையைக் காட்டினார்கள், குக்கீ கொடுத்தார்கள்.
எல்லாரும் ரோபோவைப் பார்க்க
நான் கூரையில் பழுப்பாய்ப் பரவிய ஈரத்தைப் பார்த்தேன்.
மேல் மாடியில் எந்த இணைப்பு என்று
உடனே தெரிந்துவிட்டது.

ஐந்தில் பெரிதாக எதுவும் அடைப்பதில்லை.
சாவி, சில்லறை,
காகிதத் துவாலையில் சுற்றி அனுப்பிவைத்த ஒரு தங்கமீன்.
அங்கே கொதிகலன் என்னைவிட மூத்தது.
நவம்பரில் இருமத் தொடங்கும்,
மார்ச் வரை இசை வகுப்பு
கோட்டைக் கழற்றாமல் டிராம்போன் ஊதும்.

மூன்றில், திங்கட்கிழமைகளில், வடிகட்டி நிறைய முடி.
கறுப்பு, செம்பட்டை, சுருட்டை, எல்லாம் ஒரே பந்தாக.
வெந்நீர் வரும் கடைசி சிங்க்கில்
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தலை அலசுகிறார்கள்.
மிஸஸ் ஓகிமா துடைப்பத்துக்குப் பின்னால்
ஷாம்பு பாட்டில் வைக்கிறார்.
யாரும் யாரிடமும் சொல்வதில்லை.
நானும் ஒருநாள் அந்தக் குழாயின் சூட்டை
நாலு டிகிரி கூட்டிவிட்டு
'சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கையில் எழுதினேன்.
இதற்குப் பத்துக்கு எத்தனை, டுவேன்?

விருப்பப் படிவம் வெள்ளி நாலு மணிக்குள்.
மூன்று கட்டம்.
பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி
காகிதம் பஞ்சாகிப் போனது.
ரயில் யார்டுப் பள்ளியை முதலில் எழுத எனக்குத் துணிவில்லை.
இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.
மிஸஸ் ஓகிமாவிடம் சொல்ல மாட்டேன்.

ஐலா வந்தாள். பதினோரு வயது,
ஒரு கையில் சீரியல் கிண்ணம்.
என்னிடமிருந்து பென்சிலை வாங்கி
கிரீன்லீஃபுக்கு எதிரே ஒன்று போட்டாள்.
ஏன் என்றேன்.
"அங்க பஸ் எட்டே காலுக்குத்தான்.
மத்ததுக்கெல்லாம் ஏழு மணிக்கே நிக்கணும்."
அவ்வளவுதான்.
கிண்ணத்துப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கிரீன்லீஃபில்
ஆறாம் வகுப்பு நடைவழிக் குடிநீர்க் குழாயில்
யாரும் புகார் தராத ஒரு சொட்டுக்குப்
புது வாஷர் போட்டேன்.
வடிகட்டியையும் மாற்றினேன், அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.
முதல் நீரை உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன்.
இரும்பு வாடை இல்லை.

'நடுநிலைப் பள்ளி' என்று வாசலில்
கல்லில் வெட்டியிருக்கிறது.
வேனில் இன்னும் இரண்டு வாஷர் இருந்தன.
அன்றைய வேலைத்தாளில் மற்ற இரண்டு பள்ளிகளும் இல்லை.
மணி நாலரை.
வீட்டுக்கு ஓட்டினேன்.