மறுகா

தடிப்பெழுத்து இல்லை, சாய்வெழுத்து இல்லை,
சிவப்பில் ஓர் அடிக்கோடுகூட இல்லாத கோப்பு.
பெயர் மட்டும் வைத்தேன்: மறுகா.
மறுகா எழுதுவம், மறுகா திருத்துவம் என்று
பத்து வருசமாய் அதற்குள்தான் எறிகிறேன் எல்லாவற்றையும்.

கல்லடிக்கு வெள்ளம் வந்த மார்கழியில்
மேசைக்குக் கீழே இருந்த கணினி
மூன்று நாள் தண்ணீர் குடித்தது.
முகத்துவாரம் வெட்டின பிறகுதான் வீட்டுக்குள் கால் வைத்தோம்.
வன்தட்டைக் கழற்றி, சொப்பிங் பையில் சுற்றி,
காத்தான்குடி றுஸ்னியின் கடைக்குக் கொண்டு போனேன்.
"இதுக்குள்ள என்ன, கலியாண வீடியோவா?"
"இல்ல. எழுத்து."
"எழுத்தா," என்றார்.
ஒரு கிழமை தவணை கேட்டார்.

திரும்பி வந்தது இவ்வளவு:
படங்கள், பாதிக்கு மேல் சாம்பல்.
பெரிய மென்பொருளில் அழகழகாய்ப் பூட்டி வைத்த நாவல்,
பழுதடைந்த கோப்பு என்ற ஒற்றை அறிவிப்பாய்.
பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் திறந்தன.
ஆனால் அம்மா இருந்த இடத்தில்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
மறுகா மட்டும் முழுசாய்.
நூற்றுத் தொண்ணூறு கிலோபைட்;
நண்டுக்கறியைப் பிடித்த ஒரு படத்தில்
இருபதில் ஒரு பங்குகூட வராது.

முதல் தடவையாக மேலிருந்து கீழே வாசித்தேன்.
கீரிச்சம்பா விலை.
கண் டொக்டர், வியாழன் நாலு மணி.
ஒரு கதையின் முதல் வரி. இரண்டாம் வரி இல்லை.
'பழைய பாலத்தில் நின்று மீன் பாடுறதைக் கேட்டோம்.
கேட்டதாய் இரண்டு பேரும் பொய் சொன்னோம்.'
பிறகு மூன்று மாதம் எதுவுமில்லை.
பிறகு இது:
'சுகிர்தன் போயிட்டான். காஸ் முடிஞ்சுது.'

ஒரே வரி. ஒரே அளவு. ஒரே கறுப்பு.
எந்தச் சொல்லைப் பெரிசாக்க என்று
அந்தக் கோப்பு அன்று என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
காஸைத்தான் பெரிசாக்கியிருப்பேன்.
இரவுக்குச் சமைக்க இருந்தது.

"மூன்று இடத்தில வைங்க," என்கிறார் றுஸ்னி.
"போனில ஒண்டு, பென்டிரைவில ஒண்டு,
மற்றது தண்ணி ஏறாத ஆருடையாவது வீட்டில."
தண்ணி ஏறாத வீடு.
யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.
மஞ்சந்தொடுவாய் தாண்டும்போது
போனில் கோப்பைத் திறந்து, அடிக்குப் போய்,
பெருவிரலால் தட்டினேன்:

றுஸ்னிக்கு இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு.
நாவலில் அவளுக்கு வைத்த பெயர் இளவேனி.
மிச்சம் மறுகா.