கச்சான் கொட்டை அளவு

கத்தரிக்கோலுக்கு முன்னம்
கழுத்தைத் தொடுவது என் விரல்கள்தான்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூன்று கதிரைச் சலூனில்
இருபத்திரண்டு வருடமாகத்
திருகோணமலையின் பிடரியைப் பார்த்து வருகிறேன்.

நெறி கட்டுவது புதினமில்லை.
கிண்ணியாவிலிருந்து வரும் றிஸ்மிப் பொடியனுக்குத்
தலை முழுக்கப் புண், பிடரியில் இரண்டு மணி.
புண் ஆற, மணியும் கரைந்தது.
ஐஸ் கொம்பனி லூக்காசுக்குத் தாடைக்குக் கீழே;
தொட்டால் கையைத் தட்டிவிடுவான்.
கடைவாய்ப் பல் கழற்றியதோடு சரி.

ஜெகசோதியின் கழுத்து வேறு.
சீனன்குடா மா ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன்.
வலப்பக்கம், கொலர் மடியும் இடத்தில் மூன்று,
பொதியில் நசிந்த பேரீச்சம்பழம் போல
ஒன்றோடொன்று ஒட்டி.
"நோகுதோ?"
"இல்லையண்ணை."
அந்த இல்லை எனக்குப் பிடிக்கவில்லை.

"இராவில வேர்க்குதோ?"
"இந்தக் கச்சான் காத்தில ஆருக்கு வேர்க்காது?"
கண்ணாடிக்குள் இரண்டு பேரும் சிரித்தோம்.
அவன் எழும்பியபோது
பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை தெரிந்தது.
காசை வாங்காமல் சொன்னேன்:
முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ.

ஊசியால் உறிஞ்சி எடுத்தார்களாம்.
முடிவு வரும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது
அந்தோனிப்பிள்ளையை.
அவருடையது கல். அசையாது.
அடுத்த நத்தாருக்கு முடி வெட்ட அவர் வரவில்லை.

கசம் என்று வந்தது.
அவன் அழுதான்.
எனக்கு, சொல்ல வெட்கம், மூச்சு வந்தது.
மருந்துள்ள வருத்தம்.

"பிளேடை மாத்து" என்றார் பக்கத்துக் கதிரை.
எல்லாருக்கும் மாத்திறதுதான் ஐயா, உங்களுக்கும்.
நெஞ்சுப் படம் சுத்தம், கழுத்துக் கசம் தொத்தாது என்று
மிஸ்ஸி சொன்னதையும் சொன்னேன்.
அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்தார்.

சிறுநீர் செவ்விளநீர்த் தோல் நிறம் என்று
முதல் கிழமை பயந்து வந்தான்.
இரண்டாம் மாதம் கட்டி இன்னும் பெருத்தது.
"குளிசையை விடப்போறன்."
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
இப்பவே கிளினிக்குக்கு நட என்றேன்.
பாதித் தலையோடு போனான்.
சிலருக்கு இப்படி ஒருக்கால் பெருக்குமாம்,
விடாமல் குடிக்கட்டாம்.
திரும்பி வந்து மற்றப் பாதிக்கு இருந்தான்.

நேற்று ஆறு மாதம் முடிந்தது.
பெல்ட் பழைய துளையில்.
கழுத்தில் இன்னும் ஒன்று கிடக்கிறது,
கச்சான் கொட்டை அளவில், பேசாமல்.
அதைத் தட்டாமல்
சுற்றி வெட்டினேன்.