சாட்சி

விசாரணை அறையில்
மின்விசிறிக்கு நேர்கீழே என்னை உட்காரவைத்தார்கள்.
டீ தந்தார்கள்.
குணவதிக்குத் தரவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான்.
குடியரசு தினத்துக்காக
நூலக வராந்தாவில் மூவர்ணம் தீட்டிய தேசப்படத்தில்
அடிக்கோடியில், நீலப் பேனாவால்
கோணல்மாணலாக ஒரு கோடு.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
"அரிச்சந்திரா ஆறு.
தலைஞாயிறு வரை தண்ணி வந்தா சொல்லுங்க,
நானும் கொடியேத்துறேன்."

அவள் அப்பாவின் மூன்று மா சம்பா
பால் பிடிக்கும் நேரத்தில் கருகிய வருஷம் அது.
நோட்டீஸில் அதெல்லாம் இல்லை.
'தேசப்படத்தைச் சிதைத்தல்' என்றிருந்தது.
சிதைத்தல் என்றதும்
ஆடு புகுந்த நாற்றங்கால்தான்
எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏம்மா எழுதினே?"
"படத்துல எங்க ஆறு இல்ல, சார்."
பதிவாளர் சிரித்தார்.
எவ்வளவு பெரிய நாடு,
ஒவ்வொரு வாய்க்காலையும் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?
"நீங்க போட வேணாம் சார்.
போட்டதை அழிக்காதீங்க."

அடுத்து நான்.
அவள் எழுதியதைப் பார்த்தாயா?
பார்த்தேன்.
யாராவது கூட இருந்தார்களா?
பேனா என்னுடையது.
'தலைஞாயிறு'க்கு எந்த 'ஞா' என்று
அவள் கேட்டபோது சிரித்ததும் நான்.

தெரியாது சார், என்றேன்.
கையெழுத்துப் போட
அவர்களே ஒரு பேனா தந்தார்கள்.
நன்றாக எழுதியது.

திருவாரூரிலிருந்து கடைசித் தனியார் பஸ்.
முன்னால் ஏறியிருந்தவள்
எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தாள்.
பாலம் வந்தது.
பொதுப்பணித்துறைப் பலகையில்
'அரிச்சந்' வரைக்கும்தான் பெயின்ட் மிச்சம்.
கீழே மணலில் யாரோ கிரிக்கெட் ஆடினார்கள்.

"மீதி ரெண்டு ரூவா" என்று
என் கையில் வைத்தாள்.