எழுபதுக்கு முப்பது

என் வேலை இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்.
பெண் பார்க்கப் போன வீட்டில்
என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டார்கள்.
ஃபுஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளின் அழுத்தம் வாசிக்கிறேன் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கிடார் அதற்கப்புறம் வந்தது.
கப்பலிலிருந்து இறங்கிய உக்ரைன்காரன் ஒருவன்
நூற்றைம்பது திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டுப் போனான்.
குனிந்து அதன் தோளில் தாடையை வைத்து
ஈ மைனரை ஒரு தட்டுத் தட்டினால்
கடைவாய்ப் பல்லுக்குள் கேட்கும்.
அது வேண்டும்,
அறையின் அந்தக் கோடியில் இருப்பவனுக்கும்.
இவ்வளவுதான் கேட்டேன்.
நான்கு வருடம் ஆகிறது.

முதலில் பாலத்துக்கு அடியில் பியசோ பட்டை.
ஆம்பில் செருகியதும்
பிஸ்கட் டின்னில் ரப்பர் பேண்ட் கட்டி இழுத்த சத்தம்.
அடுத்து, துளையின் வாயில் காந்தச் சுருள்.
எலெக்ட்ரிக் கிடார் ஒன்று
வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றது.
மூன்றாவதாக வயிற்றுக்குள் ஒரு குட்டி மைக்.
அது ஊளையிட்டது.
மேல் கட்டிலிலிருந்து முகைதீன் பிச்சை
"பசிக்குதுபோல, ஏதாவது போடுப்பா" என்றான்.

சம்பள வாரம் ரொடெலின் காரில் தேய்ராவுக்குப் போனோம்.
கடைக்காரர் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.
அசல் மரத்தின் ஒலி, எண்ணூறு திர்ஹம்.
கேட்டேன். அசல்தான்.
எங்கோ ஒரு குளிர்நாட்டு ஸ்டூடியோவில்
யாருடைய மரமோ,
நல்ல மரம்,
நன்றாக வளர்ந்திருக்கிறது.
திரும்பும் வழியெல்லாம் மலைகள் தாமிர நிறத்தில்.
ரொடெல் எதுவும் கேட்கவில்லை.
பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு கரக் வாங்கித் தந்தான்.

பகலில் எனக்கு இதெல்லாம் அத்துப்படி.
நான்கிலிருந்து இருபது மில்லி ஆம்பியருக்குள்
தொட்டி தன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.
ஒரே கம்பி இரண்டு இடத்தில் தரையைத் தொட்டால்
நடுவில் ஒரு பொய் ரீங்கரிக்கும்.
ஒரு முனையை வெட்டு, தீர்ந்தது.
இரவில் அறையில் எந்த முனையை வெட்ட?
ஏசி ஓடினால் ஆம்ப் முனகுகிறது.
ஏசியை நிறுத்தலாம்.
நிறுத்தினால் ஆகஸ்ட்.

செப்டம்பரில் ரொடெலின் மகளுக்குப் பிறந்தநாள்.
மகள் செபுவில், கேக் எங்கள் மெஸ்ஸில்.
தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்த போனுக்குள்
தொப்பி போட்ட ஏழு குழந்தைகள்.
பியசோ எழுபது, மைக் முப்பது,
நடு ஒலியைக் கால் திருப்பு குறைத்து,
துளையைப் பாதிவரை பழைய காலுறையால் அடைத்து
வாசிக்கத் தொடங்கினேன்.
இரண்டாவது சுற்றில்
பழக்கத்தில் கவிழ்ந்திருந்த தாடையை எடுத்தேன்.
ஒலி மாறவில்லை.

மறுபடி வைத்தேன். எடுத்தேன்.
மாறவில்லை.
பல்லில் இருந்தது சுவரில் இருந்தது,
கெட்சப் பாட்டில்களில் இருந்தது,
தட்டு கழுவுகிறவனின் ஈரமான முழங்கை வரை
போயிருக்க வேண்டும்.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

ஐஸ் மெஷினின் கம்ப்ரெஸர் கிளம்பியது.
அவ்வளவுதான், ஒன்றரை நிமிடம் இருக்கலாம்.

செபுவில் அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.
ரொடெல் தயங்கி மொழிபெயர்த்தான்:
"சத்தம் விட்டு விட்டு வருதாம்.
ஆனா கை அசையறது அழகா இருக்காம்."

திருகுகள் நின்ற இடத்திலெல்லாம்
வெள்ளை டேப் ஒட்டிக் கோடு போட்டேன்,
தேதியும் எழுதினேன், தொட்டிகளுக்கு எழுதுவதுபோல.
அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோடுகள், அதே காலுறை.
கடலிலிருந்து ஈரம் ஏறி வந்திருந்தது.
பிஸ்கட் டின்.

டேப்பை உரிக்கவில்லை.
பக்கத்தில் இன்னொரு கோடு போட இடம் விட்டிருக்கிறேன்.
முகைதீன் பிச்சை நைட் ஷிஃப்ட் போனதும்
ஏசியை அணைக்கிறேன்.
பத்து நிமிடம் தாங்கும்.