ஐதான கரைசல்

காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில்
மரைன் டிரைவ் கடந்து, தண்டவாளம் தாண்டி இறங்கி
ஒன்றரை லீற்றர் கடல் அள்ளினேன்,
கழுவிய நெக்டோ போத்தலில்.
கல்லில் நின்ற பொலிஸ்காரர் கேட்டார்:
"மிஸ், மீனுக்கா?"
"ஓம், மீனுக்கு."
உண்மையைச் சொல்ல அரை மணித்தியாலம் பிடிக்கும்.
155 அதுவரை நிற்காது.

ஆய்வுகூடத்தில் இனோக்கா
கடல் பிறகு என்கிறாள். முதலில் தூய உப்பு,
பொட்டாசியம் குளோரைட்டு,
லீற்றருக்கு ஒரு சிட்டிகையிலும் குறைவு.
அவள் சிங்களத்தில் சொல்வதை
நான் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

மென்சவ்வு என் பெருவிரல் நகமளவு.
அதற்குள் நிற்கும் காபன் குழாய்களை எண்ணினால்
உலகச் சனத்தொகை போதாது.
ஒவ்வொன்றின் அகலத்துக்கும்
ஐந்தாறு நீர் மூலக்கூறுகள்
தோளோடு தோள் நிற்கலாம், அவ்வளவுதான்.
சுவர் வழுக்கும்.
தண்ணீர் கேட்டுக்கேள்வியின்றிப் போகிறது.

வாசலில்தான் விசயம்.
நாங்கள் சுட்டு வெட்டிய விளிம்பில்
மறை ஏற்றங்கள் வட்டமாய் உட்கார்ந்திருக்கின்றன.
பொட்டாசியம் நேர் ஏற்றம்,
ஈரச் சட்டையோடே வரலாம்.
குளோரைட்டு வந்தால்
ஒன்றும் சொல்வதில்லை. தள்ளிவிடும்.

இனிப் பாருங்கள்.
பொட்டாசியத்துக்கு வழி திறந்திருக்கிறது.
போகலாம்.
போவதில்லை.
தனியே போனால் அந்தப் பக்கம் நேர் கூடும்,
இந்தப் பக்கம் மறை மிஞ்சும்,
கணக்கு அதைப் பொறுக்காது.
குளோரைட்டு வெளியே நிற்பதால்
பொட்டாசியமும் நிற்கிறது,
திறந்த வாசலுக்கு முன்னால்.
மின்நடுநிலை என்று இதை மனனம் செய்தேன்,
உயர்தரத்தில் இரண்டு புள்ளி.

போன ஒக்டோபரில்
விசா அலுவலகத்தின் பதின்மூன்றாம் மாடியில்
கண்ணாடித் துளையால் என் கடவுச்சீட்டு வந்தது.
உள்ளே ஒரு பக்கம் தடித்திருந்தது.
நிமலேந்திரனுடையதும் வந்தது.
அதோடு ஒரு தாள்,
மூன்றாவது பெட்டியில் சரி அடையாளம்.
காரணத்துக்கு ஓர் எண் இருந்தது,
எண்ணுக்குக் காரணம் இல்லை.
லிப்ட் வேலை செய்யவில்லை.
பதின்மூன்று மாடியும்
"நீ போ, நீ போ" என்றே இறங்கினான்.
கீழே ஒரு செவ்விளநீர் வாங்கி
இரண்டு ஸ்ட்ரோ கேட்டான்.

இதை இனோக்காவுக்குச் சொல்லவில்லை.
அவள் செறிவைக் கூட்டச் சொன்னாள்.
பத்து மடங்கு. பிறகு நூறு.
உப்புக் கூடக் கூட
நேர் ஏற்றங்கள் வாசலை மொய்க்கின்றன.
காவல் அங்கேயேதான் இருக்கிறது,
அதன் கை இப்போது எட்டவில்லை.
கூட்டத்தோடு கூட்டமாய்
குளோரைட்டு உள்ளே.
அந்தப் பக்கத்து மானியில் கடத்துதிறன் ஏறுகிறது.
தடுப்பு நூற்றுக்குத் தொண்ணூறாய் இருந்தது,
நாற்பதானது,
பிறகு எழுதவே வெட்கமான ஓர் எண்.

இனோக்கா முகத்தைச் சுளித்தாள்.
கடலைக் குடிக்க வைக்க இது உதவாது.
பதிவேட்டில் எழுதினேன்,
இறந்தகாலத்தில், செயப்பாட்டு வினையில்:
தெரிவுத்திறன் இழக்கப்பட்டது.
நான் சந்தோசப்பட்டதைப் பதிய
அந்த அட்டவணையில் நிரல் இல்லை.

ஐந்து மணிக்கும் நெக்டோ போத்தல் திறக்காமலே இருந்தது.
தொட்டியில் ஊற்றலாம்.
மனம் வரவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
பம்பலப்பிட்டியில் மழை பிடித்தது,
கடைவாசல்களில் நின்ற அத்தனை பேரும் ஏறினார்கள்.
"உள்ளுக்குப் போங்க" என்று
இரண்டு மொழியிலும் கொண்டக்டர் கத்தினார்.
பிறகு குரல் மட்டும்தான் வந்தது.
வெள்ளவத்தை மட்டும்
ஒருவரிடமும் அவரால் டிக்கட் கேட்க முடியவில்லை.

நிமலேந்திரன் மூடியைத் திறந்து மணந்தான்.
"என்ன இது?"
"மீனுக்கு" என்றேன்.
எங்கள் வீட்டில் மீன் இல்லை.
அவன் அதைக் கேட்காமல்
ஜன்னலோரம் இடம் ஒதுக்கினான்.