நான்காம் எந்திரம்

வெள்ளி இரவு எட்டரை, டோங்காட் கடைத்தெரு.
நான்காம் எந்திரம் தண்ணீரை விடமாட்டேன் என்கிறது.
கண்ணாடிக்குள் திலோஷ்னியின் நர்ஸ் சீருடை
சாம்பல் நுரையில் கைதூக்கி நிற்கிறது.
பத்து மணிக்கு அவளுக்கு டியூட்டி.

'குழாய் மடங்கியிருக்கும்' என்றேன். மடங்கவில்லை.
பின்சுவர்க் கால்வாயில் பஞ்சை வழித்தோம்,
பூனைக்குட்டி அளவு வந்தது.
தண்ணீர் அசையவில்லை.
வால்வு மோட்டார்தான் போயிற்று,
புதிது ஆயிரத்தெண்ணூறு ராண்ட் என்று
மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது மின்வெட்டு.

இருட்டில் மற்ற ஐந்தும்
ஒரே மூச்சில் வயிற்றைக் காலி செய்தன.
கால்வாய் கடகடத்தது.
லுங்கேலோ சிரித்தான்:
'கரண்ட் இருந்தால்தான் இந்த வால்வு மூடும், பாஸ்.
போனால் தானே திறக்கும்.
இது மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறதே,
கோளாறு வயரில் இல்லை,
தொண்டையில்.'

கைப்பேசி வெளிச்சம் நான் பிடித்தேன்.
கிளாம்பைத் தளர்த்தினான்,
வாளி நிரம்பி என் செருப்பும் நனைந்தது.
முழங்கைவரை விட்டுத் துழாவினான்.
ஒரு ஹேர்பின்.
ஓர் ஐந்து ராண்ட் நாணயம்.
அப்புறம், நான்காய் மடிந்த
பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை,
என் கையெழுத்தில்:

பைகளைச் சோதித்துவிட்டுப் போடவும்.
அடைப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர்தான் பேசிக்கொண்டே போனது.

நாணயத்தைத் திலோஷ்னியிடம் நீட்டினேன்.
தன்னுடையதா என்று பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.
உலர்த்தியும் ஓடாது.
பிழிந்த சீருடையைக் கார் ஜன்னலில் செருகி
கண்ணாடியை ஏற்றினாள்.
தெருவிளக்கில்லாத சாலையில்
ஒரு வெள்ளைக் கை
ஆட்டிக்கொண்டே போனது.